பல்லடத்தில் விலை பேசிய கீபோர்டு

கோழிப்பண்ணையின் ஆபீஸ் அறையில், சிமென்ட் தரையில் முட்டி போட்டு, மேசைக்கு அடியில் தலையை விட்டிருந்தார் என் கணவர். கையில் செல்போன் டார்ச். அறை முழுக்க மக்காச்சோளத் தீவனத்தின் வாசம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே குரலில் ஏதோ முறையிட்டுக்கொண்டிருந்தன.

மேசைக்கு அடியில் இருந்தது ஒரு கீபோர்டு. கறுப்பு நிறம். தீவனச் சாக்கைப் பிரித்து அதன்மேல் போர்த்தியிருந்தார்கள்.

அவர் தலையை வெளியே எடுத்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. விலை பேச வந்த இடத்தில் யாராவது இப்படி ஒரு முகத்தைக் காட்டுவார்களா? என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவர் அந்த முகத்தைக் காட்டவில்லை.

"ரொம்ப அடிபட்டிருக்குதாட்ட இருக்குதுங்களே?" என்றேன் சத்தமாக. அவருக்கும் சேர்த்து நான் முகத்தைச் சுளித்துக்கொண்டேன்.

எங்கள் ஏற்பாடு அப்படி. பொருளைப் பார்ப்பது அவர். பேசுவது நான்.

வாசிக்கத் தெரியாதவர்

போன வாரம் இந்தப் பத்தியில் என் செக்கிங் யூனிட்டைப் பற்றி எழுதும்போது, 'வீட்டில் ஏழு கீபோர்டு இருக்கிற நெருக்கடியில்' என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவிநாசியிலிருந்து ஒரு வாசகி பிடித்துக்கொண்டார். 'உங்கள் கணவர் கச்சேரி செய்கிறவரா?' என்று கேட்டிருக்கிறார்.

இல்லீங்க. அவருக்கு ஒரு பாட்டுகூட முழுசாக வாசிக்கத் தெரியாது.

அவர் பெயர் நடராஜன். எழுதிவிட்டேன், இனி 'இவர்' போதும். இவருக்குச் சாயப்பட்டறை லேபில் வேலை. வெளிநாட்டிலிருந்து ஒரு துண்டுத் துணி வரும். இதே நிறம் வேண்டும் என்பார்கள். எந்தச் சாயம் எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டு, சின்னக் குவளையில் துணியை முக்கி எடுத்து, டியூப்லைட்டில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை பிடித்துப் பார்த்து, "இன்னும் ஒரு பொட்டு சிவப்பு குறையுது" என்று சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இவர் தேடித் தேடி வாங்குவது ஜப்பானில் செய்த பழைய டிஜிட்டல் சிந்தசைசர்கள். ஒரு காலத்தில் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி தூக்கி வந்த பொருள்கள். எல்லாச் சத்தமும் கம்ப்யூட்டருக்குள் போன பிறகு, பரணுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் ரிப்பேர் கடை மூலைக்கும் ஒதுங்கிவிட்டன. பழைய சாமான் விற்கிற ஆப்பில், சோபாவுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவே 'பியானோ, நல்ல கண்டிஷன்' என்று திடீரென்று ஒன்று முளைக்கும். அந்த வாரம் எங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

வாங்கி வந்து, கழற்றித் துடைத்து, ரப்பரெல்லாம் மாற்றி, கரண்ட் கொடுத்து, ஒரே ஒரு கட்டையை அழுத்துவார். கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சத்தம் தேய்ந்து முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான் கச்சேரி.

"கேட்டயா?"

"பால்காரர் மணியாட்ட இருக்குதுங்க."

"மணிதான். அதுக்குப் பின்னால ஒரு காத்து வருதே, அது கேக்குதா?"

எனக்குக் காற்றெல்லாம் கேட்காது. குக்கர் விசில் கேட்கும்.

"நெச மணி இல்ல சாந்தி. ஜப்பான்ல ஒருத்தன் உக்காந்து நம்பர் நம்பராப் போட்டு இந்த மணியப் பண்ணியிருக்கறான். நான் லேப்ல நெறம் பண்றேனே, அதே மாதிரி."

கோயம்புத்தூரில் ஒரு மியூசிக் டீச்சர், "தகுதியானவங்களுக்குத்தான் குடுப்பேன், ஏதாச்சும் வாசிச்சுக் காட்டுங்க" என்று ஒரு தடவை பிடிவாதமாக நின்றுவிட்டார். இவர் பயபக்தியோடு உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்தினார். சத்தம் எழும்பி, பரவி, அடங்கியது. டீச்சர் காத்திருந்தார். "அடுத்தது?" என்றார். "அவ்வளவுதாங்க" என்றார் இவர். டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கொடுத்துவிட்டார். பெரிய வித்வான் என்று நினைத்தாரா, பாவம் என்று நினைத்தாரா, இன்றுவரை தெரியாது.

குறை சொல்லக் கற்றது

என் தொழிலே குறை கண்டுபிடிப்பது. தைத்து வருகிற பனியனை மேசைமேல் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, ஊசி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் போட வேண்டும். பதினாறு பெண்கள் என்னோடு வேலை செய்கிறார்கள்.

பேரம் பேச எங்கே கற்றேன் என்றால், என்னிடம் பேரம் பேசியவர்களிடம்தான். நூற்றுக்கணக்கான பீஸ் சுத்தமாக இருந்தாலும் பனியன் கம்பெனி ஏஜென்ட் அதில் ஒன்றை உருவி எடுப்பார். வெளிச்சத்தில் பிடிப்பார். வாயே திறக்க மாட்டார், உதட்டை மட்டும் பிதுக்குவார். பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். நாமே ரேட்டைக் குறைத்துச் சொல்லிவிடுவோம்.

அந்த உதட்டுப் பிதுக்கலை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஈரோடு, கரூர், பொள்ளாச்சி என்று எத்தனையோ ஊர்களில் அது இவருக்கு உதவியிருக்கிறது.

பல்லடத்துக் கீபோர்டு, இவர் எட்டு வருடமாகத் தேடிய மாடல். அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் ஆப்பில் விலை ஏறிவிடுமாம், கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"இது சாகலீங்க"

பண்ணைக்காரர் குமாரசாமிக்கு அறுபது வயதை ஒட்டி இருக்கும். வெள்ளை வேட்டி, ரப்பர் செருப்பு. சின்ன வயதில் ஒரு இசைக்குழு வைத்திருந்தாராம். கோயில் நோம்பித் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஊர் ஊராகப் போய் வாசித்திருக்கிறார்கள். குழு கலைந்து, பண்ணை வந்த பிறகும் வீட்டில் அவ்வப்போது வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"நாலு வருசத்துக்கு முந்தி மருமகன் ஆசையா எடுத்து நேராப் பிளக்குல சொருகீட்டாருங்க. டப்புன்னு ஒரு சத்தம். அத்தோட போச்சுங்க" என்றார். "பழைய இரும்புக்குப் போடறதுக்கு மனசு வரலீங்க. தெரிஞ்சவங்க ஆராச்சும் எடுத்துட்டுப் போனாச் செரி."

ஜப்பான் கரண்ட் நூறு வோல்ட். நம் ஊர் கரண்ட் இருநூறுக்கு மேல். நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் பெட்டி இல்லாமல் சொருகினால் தாங்காது. இவரோடு சுற்றிச் சுற்றி எனக்கே இதெல்லாம் மனப்பாடம்.

நான் என் வேலையை ஆரம்பித்தேன். மேல்மூடியில் ஒரு கீறலைத் தடவிப் பார்த்தேன். நுனி உடைந்த ஒரு கட்டையைத் தொட்டேன். இருட்டாகக் கிடந்த திரையைக் குனிந்து பார்த்தேன். உதட்டைப் பிதுக்கினேன்.

குமாரசாமி அவராகவே விலையைக் குறைத்தார். மறுபடி பிதுக்கினேன். மறுபடி குறைத்தார். கடைசியில் அவர் முதலில் கேட்டதில் பாதிகூட இல்லை. அவர் மனைவி சரோஜாக்கா மோர் கொண்டு வந்து வைத்தார். நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்தேன்.

"அண்ணா, ஒரு நிமிசங்க" என்றார் இவர்.

அதுவரைக்கும் இவர் வாயே திறக்கவில்லை.

"இது சாகலீங்க. உள்ளுக்கு ஃபியூஸ்தான் போயிருக்கோணும். அஞ்சு ரூபா சமாச்சாரம். அத மாத்தி ஓட வெச்சுட்டா, இப்ப நாங்க சொல்ற வெலைக்குப் பத்துப் பங்கு போகும். அது தெரிஞ்சுக்கிட்டே எடுத்துட்டுப் போக எனக்கு முடியலீங்க."

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. திருமுருகன்பூண்டிப் பட்டறைகளில் இன்னும் கண் திறக்காத சிலைகள் வரிசையாக நிற்குமே, அப்படி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

பத்துப் பங்கு என்றதும் குமாரசாமி விலையைக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"சத்தம் வருமுங்களா?"

அரை மணி நேரத்தில் வந்தது. இவர் எப்போதும் பையில் ஃபியூஸும் டிரான்ஸ்பார்மரும் வைத்திருப்பார். திரையில் மங்கலாகப் பச்சை வெளிச்சம் ஏறியது. அதில் வரிசையாகப் பெயர்கள், இங்கிலீஷ் எழுத்தில். நாயனம். தவில். உருமி. மழை.

"இதெல்லாம் கம்பெனி போட்ட சத்தம் இல்லீங்களே" என்றார் இவர்.

"நான் பண்ணினதுங்க" என்றார் குமாரசாமி வெட்கத்தோடு. "புஸ்தகம் இங்கிலீசுல இருந்துச்சு. ஒண்ணும் புரியல. எதையெதையோ திருகித் திருகி, ஒவ்வொண்ணுக்கும் மாசக்கணக்கா ஆச்சுங்க."

கரண்ட் இல்லாத நாலு வருடமும் அந்தச் சத்தங்களை உள்ளே இருந்த ஒரு பேட்டரிதான் காப்பாற்றியிருக்கிறது. ஒரு ரூபாய்க் காசு அளவு பேட்டரி.

அவர் 'நாயனம்' என்பதைத் தேர்ந்து வாசித்தார். என்ன ராகம் என்று எனக்குத் தெரியாது. சாமி புறப்பாட்டின்போது வீதி முனையில் கேட்குமே, அந்த மாதிரி இருந்தது. பண்ணையை ஒட்டிய வீட்டுச் சமையலறையிலிருந்து சரோஜாக்கா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையெல்லாம் மாவு.

வாசித்து முடித்துவிட்டுக் குமாரசாமி எங்களைப் பார்க்காமலே சொன்னார்: "தப்பா நெனைச்சுக்காதீங்க. இத இப்பக் குடுக்க முடியாதுங்க."

முட்டையோடு திரும்பியது

வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் ஒரு அட்டை முட்டை கொடுத்தார்கள். முப்பது முட்டை. ஸ்கூட்டரில் அதை மடியில் வைத்துக்கொண்டு திருப்பூர் வரைக்கும் வந்தேன். வேகத்தடை வரும்போது மட்டும் "மெதுவா" என்றேன். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பேசினேன். நிறையப் பேசினேன். ஷிப்மென்ட் வாரத்தில் வேலையை விட்டு வந்தது, எட்டு வருடத் தேடல், என் சாமர்த்தியத்தை ஊரார் முன்னால் குப்பையில் போட்டது, எல்லாவற்றையும் சொன்னேன்.

இவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார்: "அந்த ஏஜென்ட் நல்ல பீஸக் கையில வெச்சுக்கிட்டே குறை சொன்னான்னு ஒரு நாளு வந்து சோறு திங்காம உக்காந்திருந்தயே சாந்தி. அவனுக்கு அது நல்ல பீஸுன்னு தெரியும்னு சொன்னயே. அதுதான உன்ன அழ வெச்சுது?"

நான் சமையலறைக்குப் போனேன். நாலு முட்டையை உடைத்து ஆம்லெட் போட்டேன். இவருக்கு ஒன்று கூடுதலாகவே வைத்தேன்.

பேட்டரி

இரண்டு மாதம் போயிருக்கும். குமாரசாமி போன் பண்ணினார். திரையில் பேட்டரி மாற்றச் சொல்லி எழுத்து வருகிறதாம். இவர் துள்ளிக்கொண்டு போனார். எனக்கு வேலை இருந்தது, போகவில்லை.

மத்தியானம் திரும்பி வந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க ஆச்சு?"

"அழிஞ்சிருச்சு."

பழைய பேட்டரியைக் கழற்றினால் உள்ளே இருக்கிற சத்தமெல்லாம் போய்விடும். அதனால் முதலில் அவற்றை ஒரு ஃபிளாப்பியில் பதிந்துகொண்டு, பேட்டரியை மாற்றிவிட்டு, திரும்ப ஏற்ற வேண்டும். அப்படித்தான் செய்திருக்கிறார். பதிந்துவிட்டேன் என்று மெஷினும் சொல்லியிருக்கிறது. ஆனால் ஃபிளாப்பியைச் சுழற்றுகிற ரப்பர் பெல்ட் இளகிப் போயிருந்திருக்கிறது. பேட்டரியை மாற்றிய பிறகு பார்த்தால் ஃபிளாப்பி வெறுமை. நாயனம், உருமி, மழை எதுவும் இல்லை. கம்பெனிச் சத்தங்கள் மட்டும் மிச்சம்.

"பதிஞ்சுதான்னு திருப்பிப் படிச்சுப் பாத்திருக்கோணும். பேசிக்கிட்டே இருந்தனா, பாக்கல."

"செக் பண்ணாம எப்படிங்க?" என்றேன்.

தொழில் பழக்கம், வாயில் வந்துவிட்டது. அந்த நேரத்தில் ஒரு மனைவி சொல்லக்கூடிய வாக்கியங்களில் அதைவிட மோசமானது இருக்க முடியாது. இவர் எழுந்து போய் முகம் கழுவினார். நிறைய நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

குமாரசாமி திட்டவில்லையாம். மோர் கொடுத்து அனுப்பினாராம். அதைச் சொல்லிவிட்டு இவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் முட்டை ஏற்றுகிற குட்டியானை வண்டி எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றது. டிரைவர், புதுப் போர்வையில் சுற்றிய கீபோர்டை இறக்கி வைத்தார். "அண்ணன் குடுத்துட்டு வரச் சொன்னாருங்க. காசு வேண்டாம்னுட்டாருங்க."

இவர் பதறிப்போய்ப் போன் பண்ணினார். ஸ்பீக்கரில் குமாரசாமியின் குரல் எப்போதும் போல மெதுவாகத்தான் இருந்தது.

"கோவமில்லீங்க தம்பி. என்னோடது எதும் அதுக்குள்ள இல்லீங்களே. இங்க இருந்தா மறுக்காவும் சாக்குத்தான் போத்துவேன். உங்ககிட்ட இருந்தா நல்லாப் பாத்துக்குவீங்க."

எட்டு வருடம் தேடிய பொருள், பைசாச் செலவில்லாமல் வீட்டுக்குள் வந்துவிட்டது. இவர் அதன் போர்வையைப் பிரிக்கவில்லை. மற்ற ஏழையும்கூடத் தொடவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், டிவி பார்த்தார். இருபது வருடமாக 'இந்தச் சத்தம் எப்போது ஓயும்' என்று புலம்பியவள் நான். ஓய்ந்த பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை.

சரோஜாக்கா கொடுத்த கேசட்

இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு, இவர் வேலைக்குப் போன பிறகு, சரோஜாக்காவுக்குப் போன் பண்ணினேன்.

"அக்கா, அண்ணன் வாசிச்சதை ஆராச்சும் ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்கறாங்களா?"

"எங்கூர் நோம்பில வாசிச்சது ஒரு கேசட் இருக்குது அம்மிணி. எங்க அண்ணன் புடிச்சது. அந்தக் கச்சேரிலதான் நானு இவரப் பாத்தது" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "அது இருக்கறது இவருக்குத் தெரியாது. பொண்ணு பாக்க வரதுக்கு முந்தியே எனக்கு இவரப் புடிச்சுப்போச்சுன்னு தெரிஞ்சா, அப்பறம் மதிப்பாரா?"

அடுத்த நாள் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொண்டேன். பஸ்களின் ஹாரன் சத்தத்தில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து என் கையில் வைத்து அழுத்தினார். அந்த அழுத்தலே போதுமாக இருந்தது.

கேசட்டைச் சாப்பாட்டு மேசையில் இவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "நெறத்துக்கு ஒரு துண்டுத் துணி இருந்தாப் போதும்னு சொல்லுவீங்களே. இந்தாங்க" என்றேன்.

அன்றைக்கே போர்வை பிரிந்தது.

அதற்கப்புறம் நாலைந்து மாத ஞாயிற்றுக்கிழமைகள் கேசட்டோடு போயின. கேசட்டை இரண்டு நிமிடம் ஓட்டுவார். நிறுத்துவார். கீபோர்டில் நம்பர்களை மாற்றுவார். கட்டையை அழுத்துவார். மறுபடி கேசட். இவருக்குக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போய்விட்டதால், சரியா இல்லையா என்று சொல்ல இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த ஒரே செக்கர் நான்.

"இல்லீங்க. அதுல மூக்கடைச்ச மாதிரி இருக்குது. இது சளி போன மாதிரி இருக்குது."

"இப்ப?"

"கிட்ட வந்திருச்சு. ஆனா இது வெசையாச் சட்டுன்னு முடியுது."

உருமி மூன்று வாரத்தில் வந்தது. தவிலுக்கு ஒரு மாதம். 'மழை' என்பது கச்சேரி ஆரம்பத்தில் வருகிற ஒரு இரைச்சல். அதைச் செய்துகொண்டிருந்தபோது ஒரு நாள், "துளி சரியா இருக்குது, பின்னால காத்து இல்லையே" என்று சொல்லிவிட்டேன். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே நம்பரை மாற்றினார்.

கடைசியில் நின்றது நாயனம். கேசட்டில் அது மேலே போகப் போகச் சுருதி கொஞ்சம் தணிந்து, பிறகு ஏறி வந்து உட்கார்ந்தது. "டேப் இழுக்குதுங்க. பழசல்ல?" என்றேன். "ஆமா, அதாத்தான் இருக்கும்" என்றார். நாங்கள் சுருதியை நேராக்கினோம். கேசட்டைவிடச் சுத்தமாக வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தக் குறை

கீபோர்டை வாடகைக் காரில் வைத்து எடுத்துக்கொண்டு பல்லடம் போனோம். சொல்லாமல்தான் போனோம்.

குமாரசாமிக்குப் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "எதுக்குங்க தம்பி இத்தன செரமம்" என்று நின்றுகொண்டே இருந்தார். இவர் கரண்ட் கொடுத்துத் திரையைக் காட்டினார். பழைய பெயர்கள் பழைய வரிசையில் இருந்தன. வரிசையைச் சொன்னது சரோஜாக்கா.

அவர் உட்கார்ந்தார். உருமியைத் தட்டினார். புருவம் ஏறியது. தவிலைத் தட்டினார். மழையை அழுத்தினதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "இத எப்படிங்க புடிச்சீங்க?"

பிறகு நாயனம். நாலு வரி வாசித்தார். நிறுத்தினார். மறுபடி வாசித்தார்.

"நல்லாருக்குதுங்க தம்பி" என்றார்.

இவர் முகம் மலர்ந்தது. எனக்கு மலரவில்லை. மனசுக்குள் வேண்டாம் என்று வைத்துக்கொண்டு மரியாதைக்கு நல்லாருக்குது என்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

"அண்ணா, என்ன குறைன்னு சொல்லுங்க" என்றேன்.

"குறை எதுமில்லீங்க அம்மிணி." கொஞ்சம் தயங்கினார். "அதுதானுங்க. என்னுதுல ஒரு தப்பு இருந்துச்சு. எதையோ மாத்தித் திருகீட்டேன், மேல போனாச் சுருதி எறங்கும். சரி பண்ணத் தெரியல. கட்டைய அழுத்திப் புடிச்சா அது மெல்ல ஏறி எடத்துக்கு வரும். அப்படியே அழுத்தி அழுத்தி வாசிச்சுப் பழகீட்டேன். இப்ப அழுத்தறேன், ஏறறதுக்கு ஒண்ணுமில்ல. வெரலு சும்மா போய் நிக்குது."

இவர் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார். "அக்கா ஊர் நோம்பிக் கேசட்டுல டேப் இழுக்கலைங்க அண்ணா! டேப் இழுத்திருந்தாக் கூடப் பாடறவர் கொரலும் இழுத்திருக்கோணும். அது நேராத்தான இருந்துச்சு. எங்க காதுல அது உழுகவே இல்ல."

உளறிய பிறகுதான் கேசட் ரகசியம் உடைந்தது தெரிந்தது. குமாரசாமி மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். சரோஜாக்கா ஜன்னல் வழியாகக் கோழிகளை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தப்பைத் திரும்ப வைக்கப் பத்து நிமிடம் ஆனது. அழுத்தினால் ஏறுகிற மாதிரி வைத்துவிட்டு, மேல் கட்டைகளின் சுருதியை இவர் ஒவ்வொரு புள்ளியாக இறக்க, "இன்னும் எறக்குங்க, இன்னும்" என்றார் குமாரசாமி. என் காதுக்கு அது அப்பட்டமான பிசகு. என் மேசைக்கு வந்திருந்தால் கெட்ட பக்கம் போட்டிருப்பேன். "அங்க நிறுத்துங்க" என்று அவர் சொன்னபோது, இவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

பிறகு இவர் எல்லாவற்றையும் புது பெல்ட் போட்ட டிரைவில் ஒரு ஃபிளாப்பியைச் சொருகிப் பதிந்தார். திருப்பிப் படித்துப் பார்த்தார். இன்னொரு ஃபிளாப்பியில் பதிந்தார். அதையும் படித்துப் பார்த்தார். நான் கேட்காமலே.

அந்தக் கீபோர்டு இன்றைக்கும் பல்லடத்தில்தான் இருக்கிறது. இவர் வேறொன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். விலை பேச நான்தான் போகிறேன். உதட்டைப் பிதுக்குவதை மட்டும் விட்டுவிட்டேன், அதனால் கொஞ்சம் நஷ்டம்தான்.

அன்றைக்குக் குமாரசாமி அந்த நாலு வரியை மறுபடி வாசித்தார். மேலே போகும்போது விரல் அழுந்தியது. தாழ்ந்து நின்ற சுருதி, ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படியேறுகிற மாதிரி ஏறி, மேல் ஸ்தாயியில் போய் உட்கார்ந்தது. அதைச் சுத்தமாகச் செய்து வைத்திருந்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அவர் கையை எடுக்காமலே, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:

"ஏம்புள்ள, உங்கூர் நோம்பில இதுக்கப்பறம் என்ன வாசிச்சோம்?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் சரோஜாக்கா சொன்னார். அதற்கு அடுத்ததையும் சொன்னார். அதற்கும் அடுத்ததை.